மலைக்கு ஒரு மல்டிடூல்: நீலகிரிக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மல்டிடூல் என்பது குறடு, கத்தி, திருப்புளி, கத்தரிக்கோல், ரம்பம், அரம் போன்ற கைக்கருவிகள் ஒரே கைப்பிடிக்குள் மடங்கி அடங்கும் சிறு கருவி. சாவிக்கொத்தில் தொங்கும் 21 கிராம் கருவியிலிருந்து, இடுப்பு வாரில் உறை மாட்டிச் சுமக்கும் கால் கிலோ கருவி வரை பல அளவுகளில் கிடைக்கிறது. தனித்தனிக் கருவிகளோடு ஒப்பிட்டால் இதன் ஒவ்வோர் உறுப்பும் ஒரு படி குறைவுதான். குறடு, கட்டிங் பிளேயர் அளவுக்கு இறுக்கிப் பிடிக்காது. திருப்புளி ஆழமான துளைக்குள் எட்டாது. ரம்பம் விறகு அறுக்காது. கருவிப்பெட்டி எட்டாத இடத்தில் கைவசம் இருப்பது மட்டுமே இதன் பலம். ஆகவே, எத்தனை உறுப்புகள் என்று எண்ணி வாங்குவதில் பயனில்லை. பெட்டி இல்லாத இடத்தில் என்னென்ன வேலை வந்து சேரும் என்று பட்டியலிட்டு, அதற்குப் பொருந்துவதை வாங்க வேண்டும்.

நீலகிரியில் அந்தப் பட்டியல் சமவெளியில் உள்ளதைப் போல இருக்காது. சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் குன்னூர், 2,240 மீட்டரில் ஊட்டி, 2,637 மீட்டரில் தொட்டபெட்டா. மாதக்கணக்கில் மழை, எந்நேரமும் இறங்கும் மூடுபனி, டிசம்பர், ஜனவரியில் புல்வெளியை வெளுக்கவைக்கும் உறைபனி, இரும்பைக் கறுக்கவைக்கும் தேயிலைச் சாறு, இவற்றோடு காட்டு எல்லையில் தொடங்கும் தனிச் சட்டம். கருவியின் எஃகு, பூட்டு, உறுப்புகள் எல்லாவற்றையும் இவற்றை வைத்தே எடைபோட வேண்டியிருக்கிறது.

வளையத்திலிருந்து மடக்குக் கருவிக்கு

பல கருவிகளை ஒன்றாகக் கோத்து உடன் வைத்துக்கொள்வது பழைய வழக்கம். முள்வாங்கி, காதுகுடைவி, பல்குத்தி மூன்றையும் ஒரே வளையத்தில் கோத்து இடுப்பில் செருகிக்கொள்வது தமிழக ஊர்களில் இருந்திருக்கிறது. கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் ரோமானியர் காலத்து மடக்குக் கருவி ஒன்று உள்ளது. வெள்ளியும் இரும்பும் கொண்ட அதில் கத்தி, கரண்டி, முள்கரண்டி ஆகியவை மடங்குகின்றன.

இன்றைய கருவிகளின் முதல் மூதாதை சுவிஸ் ராணுவக் கத்தி. தகர டப்பா உணவைத் திறக்கவும் துப்பாக்கியைப் பிரித்து மாட்டவும் உதவும் ஒரு மடக்குக் கத்தி சுவிஸ் வீரர்களுக்குத் தேவைப்பட்டது. முதல் 15,000 கத்திகள் ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் செய்யப்பட்டன. 1891-ல் இபாக் என்ற ஊரின் கத்திக் கைவினைஞர் கார்ல் எல்ஸனர் அவற்றை உள்நாட்டிலேயே செய்து ராணுவத்துக்குக் கொடுக்கத் தொடங்கினார். கூடுதல் கத்தியும் கார்க் திருகியும் சேர்ந்த அவருடைய ‘அதிகாரிகள் கத்தி’ 1897 ஜூன் 12 அன்று பதிவுபெற்றது. அவருடைய தாயார் விக்டோரியாவின் பெயரோடு, துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் ‘இனாக்ஸ்’ 1921-ல் சேர்ந்து ‘விக்டோரினாக்ஸ்’ ஆனது.

இரண்டாம் மூதாதை அமெரிக்காவில் பிறந்தது. 1975-ல் பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் சுற்றிய டிம் லெதர்மேன், வண்டியும் விடுதிக் குழாய்களும் மக்கர் செய்தபோதெல்லாம் தன் சாரணர் கத்தியில் ஒரு குறடு இல்லையே என்று தவித்தார். பல ஆண்டு முயற்சிக்குப் பின், குறட்டை நடுவில் வைத்து மற்றவற்றைக் கைப்பிடிகளில் அடக்கிய அவருடைய கருவி 1983-ல் விற்பனைக்கு வந்தது.

நீலகிரியின் சொந்த மரபு வேறு திசையில் போனது. இம்மலையின் கொல்லர்கள் கோத்தர்கள். ஏழு ஊர்களில் வாழ்ந்த அவர்கள் உலை மூட்டி அரிவாள், மண்வெட்டி, கோடரி, கத்தி எல்லாம் வடித்துப் படகர், தோடர், குறும்பர் ஆகியோருக்குக் கொடுத்தார்கள். பதிலுக்குப் படகரிடம் தானியமும் தோடரிடம் நெய்யும் பெற்றார்கள். ஒரு வேலைக்கு ஒரு கருவி என்பதே அந்த மரபு. காட்டிலும் வயலிலும் முழுநாள் உழைக்கிறவருக்கு இன்றும் அதுவே பொருந்தும். நடந்தும் வண்டியிலும் மலையைச் சுற்றுகிறவருக்கே மல்டிடூல் தேவைப்படுகிறது.

கத்தி வகை, குறடு வகை

சந்தையில் உள்ளவற்றை இரண்டு குடும்பங்களாகப் பிரிக்கலாம். கத்தியை மையமாகக் கொண்டது சுவிஸ் வகை. இதில் 58 மில்லிமீட்டர் நீளமுள்ள ‘கிளாசிக்’ வெறும் 21 கிராம். 91 மில்லிமீட்டர் நீளத்தில் இரண்டு கத்தி, கத்தரிக்கோல், மர ரம்பம், குத்தூசி எல்லாம் கொண்ட ‘ஹன்ட்ஸ்மேன்’ 97 கிராம். சட்டைப்பையில் இருப்பதே தெரியாது. விலையும் குறைவு. ஆனால் எதையும் இறுகப் பிடிக்கவோ முறுக்கவோ முடியாது.

குறட்டை மையமாகக் கொண்டது இரண்டாவது வகை. லெதர்மேன் ‘வேவ் பிளஸ்’ 18 உறுப்புகளுடன் 241 கிராம். உறுப்புகளை ஏழாகக் குறைத்த ‘ஸ்கெலிடூல்’ 142 கிராம். விக்டோரினாக்ஸின் ‘சுவிஸ்டூல்’, கெர்பர், எஸ்.ஓ.ஜி. நிறுவனங்களின் கருவிகள் ஆகியவையும் இந்த வகைதான். கம்பியை வெட்டலாம், வளைக்கலாம். சூடான பாத்திரத்தை இறக்கலாம். வளைந்த கூடார முளையை நிமிர்த்தலாம். எடைதான் இதன் விலை. கால் கிலோ இரும்பைப் பையில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நடப்பவர் நாலாம் நாள் அதை வீட்டில் விட்டுவிட்டுப் போவார். உடன் வராத கருவியால் பயனில்லை.

முதலில் எடுக்க வேண்டிய முடிவு இது ஒன்றுதான்: குறடு வேண்டுமா, வேண்டாமா? வாகனம், பம்பு, வேலிக்கம்பி, அடுப்பு இவற்றோடு புழங்குபவருக்கு வேண்டும். ஊட்டியில் தங்கிச் சோலைப் பாதையில் அரைநாள் நடந்து திரும்புபவருக்கு வேண்டாம்.

உறுப்பு உறுப்பாக

அதிகம் பயன்படுவது கத்தி என்று பலரும் நினைக்கிறார்கள். அன்றாடத்தில் அதைவிட அதிகம் உழைப்பது கத்தரிக்கோல். ஆவின் பால் கவர், மாத்திரை அட்டை, கட்டுத்துணி, பிளாஸ்திரி, பிசிறிய நூல் எல்லாவற்றுக்கும் அதுவே பாதுகாப்பு. வழுக்கும் ஈரக் கையிலும் கத்தரிக்கோல் விரலை அறுக்காது. அதன் ஸ்பிரிங் மெல்லிய தகடாக இருந்தால் உடையக்கூடும். மாற்று ஸ்பிரிங் கிடைக்கும் மாடலே நல்லது.

கத்தி 6 முதல் 7 சென்டிமீட்டர் இருந்தால் கேரட் நறுக்கவும் கயிறு அறுக்கவும் போதும். முழுதும் பற்கள் வைத்த அலகு கயிற்றுக்கு நல்லது. ஆனால் வீட்டுச் சாணைக்கல்லில் தீட்ட வராது. ஒரே ஒரு கத்தி உள்ள கருவியில் வழுவழுப்பான அலகே மேல்.

திருப்புளியில் கவனிக்க வேண்டியது நட்சத்திர முனை. சுவிச்சுப் பெட்டி, ஸ்கூட்டரின் பக்க மூடி, டார்ச்சு விளக்கு என எங்கும் அந்தத் திருகாணிதான். விக்டோரினாக்ஸின் ‘ஸ்பார்ட்டன்’ மாடலில் கார்க் திருகி இருக்கும் இடத்தில் ‘டிங்கர்’ மாடலில் நட்சத்திரத் திருப்புளி இருக்கிறது. மற்றபடி இரண்டும் ஒன்றே. ஒயின் புட்டி திறக்கும் தேவை இல்லாதவருக்கு டிங்கரே லாபம். பட்டைத் திருப்புளி கேஸ் அடுப்புக் குழாயின் கிளிப்பை இறுக்க உதவும். மின்சார வேலைக்கு மட்டும் எந்த மல்டிடூலும் ஆகாது. கைப்பிடி முழுக்க உலோகம்; 230 வோல்ட்டுக்கு அதில் எந்தக் காப்பும் இல்லை. மெயின் சுவிட்சை அணைக்காமல் தொடக் கூடாது.

குறடு கம்பிக்கும் கேபிளுக்கும் உரியது. நட்டைத் திருகுவதற்கு அன்று. பைக்கின் கிளட்ச் கேபிள் நட்டைக் குறடால் பிடித்துத் திருகினால் அதன் விளிம்புகள் மழுங்கி, பிறகு ஸ்பேனரும் பிடிக்காது. கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் பைக் ஓட்டுபவர், மல்டிடூலோடு 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் ஒன்றையும் ஆலன் சாவிகளையும் இருக்கைக்கு அடியில் வைத்திருக்க வேண்டும்.

யாரும் பொருட்படுத்தாத முள்வாங்கிதான் இந்த மலையில் அருமையான உறுப்பு. உண்ணிச்செடிப் புதர், காட்டு ரோஜா, ஐரோப்பாவிலிருந்து வந்து பரவிய முட்புதர்கள் என எங்கு நடந்தாலும் முள் காத்திருக்கிறது. தோலில் கடித்துத் தொங்கும் உண்ணியை எடுக்கவும் முள்வாங்கி வேண்டும். குரங்குக் காய்ச்சல் போன்ற நோய்களை உண்ணிகளே பரப்புவதால், தலையைத் தோலோடு ஒட்டிப் பிடித்து, நசுக்காமல், நேராக இழுத்து எடுப்பது முறை. அட்டைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். அதன் வாயை நகத்தால் மெல்ல நெம்பினாலே விட்டுவிடும்.

ரம்பம் பெருவிரல் பருமனுள்ள கிளையை அறுக்கும். ஆனால் வனப்பகுதியில் கிளை வெட்டுவதும் தீ மூட்டுவதும் குற்றம். தனியார் எஸ்டேட்டிலோ சொந்த நிலத்திலோ முகாமிடுபவருக்குத்தான் அது தேவை. மற்றவர் ரம்பம் இல்லாத மாடலை வாங்கி எடையைக் குறைக்கலாம்.

மழையும் தேயிலையும் எஃகும்

2019 ஆகஸ்ட் 8 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அவலாஞ்சியில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. கூடலூர், அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்த்த பிறகு, குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். இடைப்பட்ட நாட்களிலும் மூடுபனி துணியையே நனைத்துவிடுகிறது. இந்த ஈரத்தில் கார்பன் எஃகுக் கத்தி ஒரே இரவில் செம்புள்ளி போடும்.

துருப்பிடிக்காத எஃகு என்பதும் துருவே பிடிக்காத எஃகு அன்று. எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால் அதன் மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி, காற்றும் நீரும் உள்ளே போகாமல் தடுக்கும். வியர்வை உப்பும் எலுமிச்சைச் சாறும் நெடுநேரம் தங்கினால் அந்தப் படலமும் அரிபடும். விக்டோரினாக்ஸ் கத்திகளிலும், லெதர்மேனின் 420 ஹெச்.சி. எஃகிலும் குரோமியம் 13 முதல் 15 சதவீதம் வரை இருக்கிறது. கடினம் நடுத்தரம் என்பதால் கூர் சீக்கிரம் மழுங்கும். ஆனால் சாதாரணச் சாணைக்கல்லில் சில நிமிடங்களில் மீண்டும் தீட்டிவிடலாம். 154 சி.எம்., எஸ் 30 வி போன்ற விலை உயர்ந்த எஃகுகள் கூரை நீண்ட நாள் தாங்கும். மழுங்கிவிட்டால் வைரத்தூள் கல் இல்லாமல் தீட்டுவது கடினம். மலைநாட்டுப் புழக்கத்துக்கு, துருவைத் தாங்கி எளிதில் தீட்ட வருகிற முதல் வகையே போதும்.

நீலகிரிக்கே உரிய இன்னொரு எதிரி டானின். தேயிலைக் கொழுந்தின் சாற்றிலும், தோல் பதனிடும் பட்டைக்காக இங்கு நட்டு வளர்க்கப்பட்ட சீகை மரத்திலும் அது நிறைய உண்டு. டானின் இரும்போடு சேர்ந்தால் நீலக்கறுப்பு நிறப் பொருள் உண்டாகும். பழங்கால எழுத்து மையும் இதே வேதியியலில்தான் பிறந்தது. கவாத்துக் கத்திகளின் அலகு கறுத்திருப்பதற்குக் காரணம் இதுதான். துருப்பிடிக்காத எஃகு இந்தக் கறையையும் பெருமளவு தாங்கும். அச்சுகளிலும் ஸ்பிரிங்குகளிலும் மலிவான இரும்பு கலந்த போலிகளோ முதலில் அங்கேதான் கறுத்து இறுகிப்போகும்.

விறைத்த விரல்களும் பூட்டும்

உறைபனி விழுந்த காலையில் நகத்தை நுழைத்து இழுத்துத் திறக்கும் கத்தி பெரும் சோதனை. விறைத்த விரலுக்கு அந்தச் சிறு பள்ளம் தெரியவே தெரியாது. கையுறை போட்டிருந்தால் முயற்சியே வீண். கட்டைவிரல் துளையோ குமிழோ வைத்து, ஒரே கையால் திறக்கும் அலகு அங்கே உதவும். வேவ் பிளஸ் போன்றவற்றில் கைப்பிடியை விரிக்காமலே வெளிப்பக்கத்திலிருந்து கத்தியை எடுக்கலாம். கயிற்றை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் அறுக்க வேண்டிய நேரத்தில் இதன் அருமை தெரியும்.

திறந்த அலகு தானாக மடங்காமல் பிடிப்பது பூட்டு. சிறிய சுவிஸ் கத்திகளில் பூட்டு இல்லை. முதுகு ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டுமே. பழம் நறுக்க அது போதும். முனையால் குத்தித் துளையிட்டால் அலகு மடங்கி விரலில் இறங்கும். 111 மில்லிமீட்டர் சுவிஸ் மாடல்களிலும் பெரும்பாலான குறடு வகைகளிலும் பூட்டு உண்டு. ஈரமான மரத்தில் வேலை செய்பவர் பூட்டு உள்ளதையே வாங்க வேண்டும்.

தேயிலைத் தோட்டத்தில்

கொழுந்து பறிக்கும் கத்தரி, கவாத்துக் கத்தி, மண்வெட்டி ஆகியவற்றின் இடத்தை மல்டிடூல் பிடிக்க முடியாது. தோட்ட மேற்பார்வையாளருக்கும் சிறு விவசாயிக்கும் அது பயன்படுவது இடையிடையே வரும் சில்லறைப் பழுதுகளில். பறிப்புக் கத்தரியின் தளர்ந்த திருகு, தெளிப்பானின் குழாய்க் கிளிப், அறுந்த வேலிக்கம்பி ஆகியவை அத்தகையவை. இவற்றுக்காக ஒரு மைல் ஏறிச் சென்று பெட்டியை எடுத்து வருவதை அது மிச்சமாக்கும்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. தென்னிந்தியத் தேயிலையில் 1946-ல் தோன்றிய கொப்புள நோய்க்கு, மழைக்காலத்தில் தாமிர ஆக்சிகுளோரைடு தெளிக்கிறார்கள். அடைத்துக்கொண்ட தெளிப்பான் முனையைக் குத்தூசியால் குத்தினால் துளை பெரிதாகி, மருந்து துளித் துளியாக வீணாகும். மென்மையான தூரிகையோ நாணல் குச்சியோ போதும். மருந்து பட்ட கருவியைச் சோப்பு நீரில் கழுவாமல் வைத்தால் எஃகு அரிக்கும். அதே கத்தியால் பழம் நறுக்குவது உடலுக்கும் கேடு.

சட்டம் என்ன சொல்கிறது?

2016-ம் ஆண்டின் ஆயுத விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டு, விவசாய, தொழில் பயன்பாட்டுக்கு உரியவற்றுக்கு விலக்கும் தருகின்றன. மல்டிடூல் அலகு ஏறத்தாழ 3 அங்குலம்தான் என்பதால் ஊருக்குள் வைத்திருக்க உரிமம் தேவையில்லை. கோவை விமான நிலையத்தில் கைப்பையில் கத்தி அனுமதிக்கப்படாது. ஏற்றிவிடும் பெட்டியில் வைக்க வேண்டும்.

காட்டு எல்லையில் நிலைமை மாறும். 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ‘ஆயுதம்’ என்பதில் கத்தியையும் சேர்த்தே வரையறுக்கிறது. அதன் 31-ம் பிரிவின்படி, எழுத்துமூல முன் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழைய முடியாது. தேசியப் பூங்காக்களுக்கும் இது பொருந்தும். முதுமலை, முக்கூர்த்தி இரண்டும் இதற்குள் வருகின்றன. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ விபத்துக்குப் பிறகு தமிழகத்தில் மலையேற்றத்துக்குத் தனி விதிகளும் வந்தன. கெய்ன்ஹில், லாங்வுட் சோலை போன்ற பாதைகளில் வனத்துறை அனுமதியோடு, வழிகாட்டியுடன்தான் நடக்க முடியும். கருவி பற்றிப் புறப்படும் முன்பே வழிகாட்டியிடம் கேட்டுவிடுவது நல்லது. காட்டுக்குள் அடிக்கடி போகிறவருக்குக் கத்தியே இல்லாத மல்டிடூல்களும் கிடைக்கின்றன. விக்டோரினாக்ஸின் ‘ஜெட்செட்டர்’ அத்தகையது. காட்டுமாடு, கரடி, யானை ஆகியவற்றிடமிருந்து எந்தக் கத்தியும் காப்பாற்றாது என்பதால், தற்காப்பு என்ற காரணம் இங்கே எழவே எழாது.

யாருக்கு எது?

ஊட்டி, குன்னூரில் வசித்து அலுவலகம் போய்வருபவருக்குக் கத்தரிக்கோலும் முள்வாங்கியும் உள்ள 58 மில்லிமீட்டர் கருவி போதும். சோலைப் பாதையில் நடப்பவருக்கும் முகாமிடுபவருக்கும், சுமார் 100 கிராமுக்குள் நட்சத்திரத் திருப்புளியும் கத்தரிக்கோலும் உள்ள 91 மில்லிமீட்டர் கருவி பொருந்தும். பைக், ஜீப், தோட்டம், பம்பு என்று புழங்குபவருக்கு ஒரு கையால் திறக்கக்கூடிய, பூட்டு உள்ள குறடு வகை வேண்டும். அதிலும் 150 கிராமை ஒட்டியதைச் சட்டைப்பைக்கும், 200 கிராமுக்கு மேற்பட்டதை வண்டிக்கும் எடுக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒன்று என்று முப்பது உறுப்புக் கருவியை வாங்கினால் பாதி உறுப்புகள் திறக்கப்படாமலே துருவேறும்.

கடையில் வாங்கும்போது குறட்டை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். நுனிகள் இடைவெளியின்றிச் சேர வேண்டும். திறந்த கத்தியைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடக் கூடாது. ஒன்றைத் திறக்கும்போது பக்கத்து உறுப்பும் சேர்ந்து எழுந்தால் அச்சின் இறுக்கம் சரியில்லை. நம்ப முடியாத விலையில் இணையத்தில் விற்கப்படும் பிரபலப் பெயர்களில் போலிகள் ஏராளம். பெரிய நிறுவனங்கள் நீண்ட கால உத்தரவாதம் தருகின்றன. லெதர்மேன் 25 ஆண்டுகள் தருகிறது. ஆனால் ரசீது இல்லாத போலிக்கு அதனால் பயனில்லை.

மழையில் நனைந்த கருவியை எல்லா உறுப்புகளையும் திறந்து, வெந்நீரில் அலசி, துடைத்து, அடுப்பங்கரை வெப்பத்தில் உலரவிட வேண்டும். ஒவ்வோர் அச்சிலும் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் போதும். உணவு நறுக்கும் கத்தியானால் மணமற்ற கனிம எண்ணெய் நல்லது. தேங்காய் எண்ணெய் மலைக் குளிரில் உறைந்து அச்சை இறுக்கிவிடும். தோல் உறை ஈரத்தை உறிஞ்சி எஃகோடு ஒட்டவைத்துக்கொள்ளும். ஆகவே மழைக்காலத்தில் நைலான் உறையே உகந்தது. மாதங்களாகப் பயன்படுத்தாமல் வைப்பதானால் உறையிலிருந்து வெளியே எடுத்து, எண்ணெய் தடவிய துணியில் சுற்றி வைக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை, இரண்டு பருவமழைகளும் தொடங்குவதற்கு முன், சாணைக்கல்லில் தீட்டித் திருகாணிகளைச் சரிபார்த்துவிட்டால் ஒரு நல்ல கருவி இருபது ஆண்டுகளுக்குக் குறையாமல் உழைக்கும்.